அதற்கும் பசிக்கும்

தலைமை விருந்தினர் வண்ணார்பேட்டை தாண்டிவிட்டார் என்று தடகளச் சங்கச் செயலாளர் மைக்கில் மறுபடியும் அறிவித்தார், அறிவித்துவிட்டு மைக்கை உள்ளங்கையால் தட்டி, ஊதி, வந்தது தன் மூச்சுதானா என்று சந்தேகப்பட்டவரைப் போலத் திரும்பியும் பார்த்தார், இந்த விருந்தினர் வண்ணார்பேட்டையைத் தாண்டுகிறாரா இல்லை வண்ணார்பேட்டைதான் அவரைத் தாண்டித் தாண்டி விளையாடுகிறதா என்று நினைத்துக்கொண்டு மேடையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள் மீனலோசனி. சாய முடியாது. பிளாஸ்டிக் நாற்காலிக்கு வெள்ளைச் சாட்டின் உறை மாட்டி, முதுகில் சிவப்பு நாடாவால் பூமுடிச்சுப் போட்டிருந்தார்கள், நேற்று ஏதோ கல்யாண ரிசப்ஷனிலிருந்து நேரே ஏறி வந்த நாற்காலி, கைப்பிடியில் சாம்பார்க் கறைகூடக் காயவில்லை. செத்த பிள்ளைக்கு நினைவு விழா, நாற்காலிக்கு ரிப்பன். கான்வென்டில் சிஸ்டர் பெனிட்டா அடித்துச் சொல்லிக்கொடுத்ததில் உருப்படியாக நின்றது இது ஒன்றுதான், முழங்கால் சேர்த்து, கை மடியில் வைத்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், உள்ளே யாரை வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், சிஸ்டர் பெனிட்டாவையே அப்படித்தான் அவள் பள்ளிக்காலம் முழுக்கத் திட்டித் தீர்த்தாள். முதுகுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் காற்றில் படபடத்தது. திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, காலையில் பார்த்தது போதும். செல்வி சம்யுக்தா முதலாம் ஆண்டு நினைவுத் தடகளப் போட்டி. அவள் கொடுத்தனுப்பியது டிரிபிள் ஜம்ப்பில் எடுத்த படம், மூன்றாவது தாண்டலில் மகள் மணலுக்கு மேலே அந்தரத்தில் உட்கார்ந்திருப்பாள், இரண்டு காலும் முன்னால் நீண்டு, வாய் திறந்து, ஏதோ கெட்ட வார்த்தை சொல்ல வருகிற மாதிரி. இவர்கள் இடுப்போடு வெட்டிவிட்டார்கள். தாண்டுகிறவளுக்குக் காலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் வைத்து, தலைக்குப் பின்னால் மேகம், மேகத்தில் இரண்டு புறா. காலிருந்த இடத்தில் ஜவுளிக்கடை, செங்கல் சூளை, டுடோரியல். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டதற்குச் சங்கத் தலைவர் பால்பாண்டியன், அந்த ஜவுளிக்கடையின் முதலாளி, சிரித்தமுகமாகச் சொன்னார்: "இடம் பத்தலக்கா, பேரெல்லாம் வரணும்லா." அவருடைய படத்துக்கு இடம் பத்தியது. செருப்பு வரைக்கும் வந்திருந்தது.

மேடை மேஜையோரமாக, சால்வைக் கட்டுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய காசோலை சாத்தி வைத்திருந்தது, தெர்மாகோலில் ஒட்டிய காசோலை, ஆள் உயரம், எந்த பேங்க் கவுன்டருக்குள்ளும் நுழையாத அளவு. படம் பிடிக்கத்தான் அது. யார் பெயருக்கு என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. மகளோடு படித்த பிள்ளைகள், கான்வென்டில் மீனலோசனியோடு படித்து இப்போது துபாயிலும் டெக்சாஸிலும் தடித்துப்போன தோழிகள், பெங்களூரில் காலையில் ஓடுகிற கூட்டம் ஒன்று, இப்படி எங்கெங்கிருந்தோ சேர்ந்த பணம், அதை வைத்து இந்த மைதானத்து வாசலில் சம்யுக்தா பெயரில் ஒரு அலங்கார வளைவு கட்டலாம், இல்லையென்றால் சென்னை ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் எலும்புப் புற்றுநோயை ஆராய்கிற ஒரு சின்ன அறையை ஒரு வருஷம் ஓட்டலாம். இரண்டில் ஒன்று. அவள் கணவர் சங்கரலிங்கம், மின்வாரியத்தில் ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்து ரிட்டயர் ஆனவர், வீட்டில் ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் ஃபியூஸ் போய்விடும், "நீதானளா பெத்தவ, நீ சொல்லு, எனக்கு எதுனாலும் சம்மதம்" என்று சொல்லிவிட்டு இப்போது பக்கத்து நாற்காலியில் தன் கால்கட்டைவிரலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருந்தன்மையாம். பால்பாண்டியன் மார்க்கர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு குனிந்தார், அத்தர் வாசனை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். "அக்கா, ஒரு வார்த்த சொல்லிட்டீயன்னா எழுதிருவேன். விருந்தாளி வந்துட்டாவன்னா நேரம் கிடையாது. நான் சொல்லுதேன்னு நினைக்காதிய, வளைவுன்னா நாளைக்கும் நிக்கும், நம்ம பிள்ளை பேரு நூறு வருசம் நிக்கும். ஆராய்ச்சி கீராய்ச்சின்னா கண்ணுல காட்ட முடியுமா?" "வளைவுல உங்க பேரும் வருமா?" என்று கேட்டாள். "உபயம்னு சின்னதா கீழ ஒரு ஓரத்துல..." "காலிருந்த இடத்துலயா?" அவருக்குப் புரியவில்லை, புரியாததை மரியாதையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். யோசிச்சுச் சொல்றேன் என்றாள். ஒரு வாரமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஏதோ பட்டுப்புடவைக்கு பார்டர் தேர்ந்தெடுக்கிற மாதிரி.

வளைவு வேண்டாம் என்பதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. வளைவாவது மண்ணாவது, அதன் கீழே ஆட்டோக்காரன் வெற்றிலை துப்புவான், எலெக்‌ஷன் வந்தால் தட்டி கட்டுவான். குழப்பம் வேறு. போன வாரம் அந்தச் சின்ன டாக்டர், ரெஹானா, மேலப்பாளையத்துப் பெண், சென்னையில் அந்த ஆராய்ச்சி அறையில் இருக்கிறவள், போனில் பேசியபோது நன்றி அது இது என்று ஆரம்பித்துவிட்டு நடுவில் சாதாரணமாகச் சொன்னாள், ஆன்ட்டி, ஆபரேஷன்ல எடுத்த கட்டியிலிருந்து கொஞ்சம் நாங்க வளர்த்தோம்ல, அது நல்லா வந்திருக்கு, உயிரோட இருக்கு. அது உயிரோடு இருக்கிறது. மீனலோசனி அப்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உருவியபடியே இருந்தாள். போனை வைத்த பிறகும் உருவினாள், காம்பையும் சேர்த்து உருவினாள். என் பிள்ளை தாமிரபரணியில் கரைந்து வருஷம் ஒன்று ஆகிறது, அதைத் தின்றது உயிரோடு இருக்கிறது, சென்னையில், ஏசியில், ஒரு கண்ணாடிக் குப்பிக்குள், இதமான சூட்டில், ஆள் வைத்துச் சோறு போட்டு. இப்போது அந்தச் சோற்றுக்குத்தான் பணம் கேட்கிறார்கள். என் மகள் பெயரைச் சொல்லி வசூல் பண்ணி என் மகளைத் தின்றதற்குச் சோறு. பாம்பு கடித்துப் பிள்ளை செத்தால் பாம்புக்குப் பால் வார்க்கப் பக்கத்து வீட்டில் படி பால் கேட்பானா எவனாவது? கேட்பான், இந்த ஊரில் கேட்பான், அதற்குக் குத்துவிளக்கும் ஏற்றுவான். அவள் தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் உயிரணுவைப் பார்த்திருக்கிறாள், கான்வென்ட் லேபில் வெங்காயத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து, செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தது, பார்டர் கோணலாக வரைந்ததற்கு சிஸ்டர் மணிக்கட்டில் ஸ்கேலால் அடித்தாள். அதனால் அது என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வெங்காயத் தோல்தான் வந்தது, பசித்த வெங்காயத் தோல், வாய் திறந்து. கட்டியை எடுத்துக்கொள்ளலாமா, ஆராய்ச்சிக்கு, என்று அன்றைக்கு இதே ரெஹானா கட்டிலண்டை வந்து கேட்டபோது சம்யுக்தா, பதினாறு வயசு, தலையில் ஒரு முடி கிடையாது, புருவம்கூடக் கிடையாது, கண்ணை உருட்டிச் சொன்னாள்: "தாராளமா எடுத்துக்கோங்க. வாடகை குடுக்காம குடியிருந்துச்சு. நீங்களாவது வசூல் பண்ணுங்க." அப்பா கையெழுத்துப் போட்டார். அழுதுகொண்டே போட்டார், எழுத்துக் கோணிவிட்டது. பிள்ளை அவரைப் பார்த்து, "எப்பா, பரீட்சையா எழுதுதிய?" என்றாள். வாய், வாய், அத்தனையும் வாய். யாரைக்கொண்டு வந்தது என்று ஊரே சொல்லும்.

தின்றது, தின்றது, தின்றது. சோறு போடுவதைத் தவிர மீனலோசனி வேறு என்ன செய்தாள் அந்தப் பிள்ளைக்கு? சைவப் பிள்ளைமார் வீட்டில் முட்டை. பெரிய பாரதப் போர். கணவரின் அக்கா நாச்சியார் மைனி, இந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்து இந்த வீட்டை ஆள்கிறவள், முட்டை ஓட்டைக் குப்பையில் பார்த்துவிட்டு மயங்கி விழாத குறை. "குலத்த கெடுக்க வந்தியேளா லோசனி." பின்கட்டில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி, விடியும் முன்னால் அவித்து, மூக்கைச் சுளித்துக்கொண்டே ஓடு உரித்து, மஞ்சள் வேண்டாம் வெள்ளையைத் தா என்று பிள்ளை அதிகாரம் பண்ணும், முளைகட்டின பயறு, கேப்பைக் கூழ், வேர்க்கடலை, பிராக்டீஸ் முடித்து வந்து கேட்டை உதைக்கிற சத்தத்திலேயே எவ்வளவு பசி என்று இவளுக்குத் தெரிந்துவிடும், ஒரு உதை என்றால் தோசை, இரண்டு உதை என்றால் பழைய சோறு இருந்தாலும் கொட்டு. எல்லாம் தின்னும், பாவக்காயைத் தவிர. பாவக்காயைக் கண்டால் தட்டோடு எழுந்து ஓடும். சின்ன வயசில் மென்றதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போய்த் துப்பிய பிள்ளை. முழங்காலில் வலி என்றபோது கோச் அருள்தாசன் மாஸ்டர் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார், மசில் பிடிப்பு என்றார், வளருகிற வயசு என்றார், இதோ மறுபக்கத்து நாற்காலியில் துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார், தேய்த்த கையாலேயே சிந்துகிறார், அவரைத் திட்டி என்ன, எக்ஸ்ரே எடுத்த முதல் டாக்டரே பேண்டேஜ் சுற்றி அனுப்பினார். அப்புறம் மருந்து ஏற ஆரம்பித்ததும் வாயில் எதை வைத்தாலும் அப்படியே வெளியே வந்தது. தயிர் சாதம் பாவக்காய், இளநீர் பாவக்காய், தண்ணீர்கூட. "எம்மா, நீ பழி வாங்குதியா? எல்லாமே பாவக்காயா இருக்கு." ஊரில் இருக்கிற புத்திசாலிகள் வந்து வரிசையில் நின்று சொன்னார்கள், சீனி கொடுக்காதே, சீனியைத்தான் அது தின்கிறது, பட்டினி போட்டால் அது செத்துவிடும், வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. பட்டினி போட்டால் முதலில் யார் சாவார் என்று வாட்ஸ்அப்பில் வரவில்லையா என்று ஒருத்தியைக் கேட்டாள், அவள் அதற்குப் பிறகு வரவில்லை, ஒரு காபி மிச்சம். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஊட்டுகிற ஒவ்வொரு கவளத்துக்கும் இரண்டு வாய் இருந்தது. பிள்ளைக்கு ஒன்று, அதற்கு ஒன்று. கடைசியில் அது தின்றது, பிள்ளை தின்னவில்லை. சமைத்தவள் இவள்தான்.

முன் வரிசையில், ஷாமியானாவின் நிழல் விழுகிற நாற்காலியாகப் பார்த்து, நாச்சியார் மைனி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை, பைக்குள் புது ஓலைப்பெட்டி. பெட்டிக்குள் பச்சைப் பட்டுப் பாவாடை, அரக்குச் சட்டை, கண்ணாடி வளையல், சாந்து, சீப்பு. கன்னிப்பெட்டி. கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளை கன்னித் தெய்வம், வருஷா வருஷம் புதுத்துணி எடுத்துவைத்துப் படைத்துக் கும்பிடவில்லை என்றால் அது வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும் என்று காலையில் வீட்டு வாசலில் நின்று சண்டை. "வரட்டுமே மைனி. வந்தா நல்லதுதான? எனக்கு அதுதான் வேணும்," என்றாள் மீனலோசனி. "கிறுக்கு மாதிரிப் பேசாதளா. பிள்ளைக்குப் பாவாட எடுத்திருக்கேன் பாரு." "அவ பாவாட கட்டி நீங்க எப்ப பாத்தீங்க? கல்யாண வீட்டுக்கே ட்ராக் பேன்ட்டுல வந்தவ. அந்தப் பச்சையப் பாத்தா பெட்டிய விட்டு எந்திரிச்சு ஓடிருவா." மைனி அசரவில்லை. முதல் வருஷத் திதி இன்றைக்குச் சாயங்காலம், இலை போட்டாக வேண்டும், சர்க்கரைப் பொங்கல், உளுந்த வடை, பாவக்காய்ப் பச்சடி. "பாவக்காயா?" "திதின்னா பாவக்கா இல்லாம உண்டுமாளா? எங்கம்மைக்கு வச்சோம், அப்பாக்கு வச்சோம்." "அவளுக்குப் பிடிக்காது." "செத்தவங்களுக்கு என்னளா, பிடிச்சது பிடிக்காதது!" இதைச் சொன்னவளும் அழுதாள், அழுதுகொண்டே வடைக்கு உளுந்து ஊறப்போட்டாயா என்றும் கேட்டாள். உயிரோடிருந்த காலத்தில் முட்டைக்கு முகம் சுளித்தவள், செத்த பிறகு பாவக்காயை வைக்கிறாள். இந்தக் குடும்பத்துக்கு அந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று ஒருநாளாவது தெரிந்ததா? நான் வைக்கமாட்டேன், நீங்கள் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். செத்ததற்கு வைக்கமாட்டேன், சரி. உயிரோடு இருக்கிறதே, அதற்கு? அங்கேதான் மறுபடி வந்து முட்டியது மனசு, கண் கட்டிய செக்குமாடு, சுற்றிச் சுற்றி அதே இடம், அதே சாணி. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் அதற்கு? ஒருவேளை செத்துவிடும். செத்துவிடும் என்பதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்தது. ஒரு வருஷமாக வேறு எதுவும் அப்படி இனிக்கவில்லை. வளைவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பால்பாண்டியன் பேனாவைத் திறப்பார், சென்னையில் அது பட்டினி கிடந்து சாகும். பழிக்குப் பழி. பாவக்காய்.

ரெஹானா மேடையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள், இரவு ரயிலில் வந்த கசங்கல் முகத்தில், தலைமுக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, யாரும் தன்னோடு பேசாததில் நிம்மதியாக. மீனலோசனி கையசைத்துக் கூப்பிட்டாள். அருள்தாசன் மாஸ்டர் எழுந்து இடம் கொடுத்து, போகிற போக்கில் மறுபடி மூக்கைச் சிந்தினார். "ஆன்ட்டி?" "அது எப்படி இருக்கு?" "நல்லா..." என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டாள். "சொல்லு. நல்லா இருக்குன்னுதான சொல்ல வந்த?" "வளருது ஆன்ட்டி. நிறைய பேரோடது வளராது. எடுத்து வைப்போம், ரெண்டு வாரத்துல போயிடும். இது நிக்குது. அதனாலதான் இதை வச்சு வேலை பார்க்க முடியுது." பிடிவாதம் என்று சொல்லிவிடப் போகிறாள், சம்யு மாதிரியே பிடிவாதம் என்று ஏதாவது உருகிவிடப் போகிறாள் என்று மீனலோசனி பல்லைக் கடித்துக் காத்திருந்தாள், சொல்லியிருந்தால் மேடையென்றும் பார்த்திருக்கமாட்டாள். சொல்லவில்லை. பிழைத்தாள். "என்ன திங்குது?" "ஒரு திரவம் ஆன்ட்டி. சர்க்கரை, உப்பு, விட்டமின். கொஞ்சம் கன்னுக்குட்டி ரத்தத்துலேர்ந்து எடுக்கிற சீரம்." கன்றுக்குட்டி ரத்தம். மீனலோசனி முன் வரிசையைப் பார்த்தாள், அங்கே மைனி ஓலைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தாள். முட்டைக்கே மயங்கப் பார்த்தவள். ஒரு வினாடி சிரிப்பு வந்துவிட்டது, சம்யு இருந்திருந்தால் இதை அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பாள். "அதுக்குப் பசிக்குதுன்னு எப்படித் தெரியும்?" "நிறம் மாறும். ரோஸா இருக்கும், தின்னு முடிச்சா மஞ்சளாயிடும். கதவைத் திறந்த உடனே தெரிஞ்சிடும்." கேட்டை உதைக்காது, அவ்வளவுதான். "ஞாயித்துக்கிழமை?" "யாராவது போகணும் ஆன்ட்டி. முக்காவாசி நான்தான்." "நீ சாப்பிட்டியா காலைல?" அந்தப் பெண் விழித்தாள். "ரயில்ல ஒரு டீ." டீயாம். பெரிய ஆராய்ச்சிக்காரி.

"சரி, இந்தப் பணம் உனக்கு வரலேன்னா அத என்ன பண்ணுவ?" ரெஹானா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சங்கச் செயலாளர் மைக்கில், விருந்தினர் பாலத்தில் ஏறிவிட்டார் என்றார். "கொஞ்ச நாள் ஃப்ரீசர்ல வைப்போம். அப்புறம் இடம் வேணும்னு சொல்வாங்க. எடுத்துப் போட்டுடுவோம் ஆன்ட்டி." "போடுறதுன்னா? குப்பைலயா?" "இல்ல, அப்படியே போடக் கூடாது. கொன்னுட்டுத்தான் போடணும். ப்ளீச் ஊத்துவோம்." "எந்த ப்ளீச்?" "சாதாரண ப்ளீச்தான்." "பாத்ரூமுக்கு ஊத்துறதா?" "அதேதான் ஆன்ட்டி. கொஞ்ச நேரத்துல எல்லாம் போயிடும்." பாத்ரூமுக்கு ஊற்றுவது. அவள் வீட்டில் வாஷ்பேசினுக்குக் கீழே, பழைய பிரஷ்ஷுக்குப் பக்கத்தில், நீல மூடி போட்ட பாட்டிலில் இருக்கிறது, பாசியும் அழுக்கும் போக வெள்ளிக்கிழமைதோறும் ஊற்றித் தேய்க்கிறாள். அதற்குப் போய்ச் சாகிறது இந்தச் சனியன். எத்தனை பாட்டில் மருந்து, பேரைச் சொன்னாலே வாய் கோணுகிற மருந்து, ஒன்று செக்கச் சிவப்பாக இறங்கும், ஒன்று வெளிச்சம் படக்கூடாதென்று கறுப்புப் பை போட்டு வரும், பிள்ளையின் முடி போச்சு, நகம் போச்சு, வாயெல்லாம் புண், காது மந்தமாச்சு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை, நுரையீரலில் போய்த் தனிக்குடித்தனம் வைத்தது. அந்த மருந்தெல்லாம் நான் பிறக்கிறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சது ஆன்ட்டி, இன்னும் அதேதான், குழந்தைங்களுக்கு வர்ற நோய் கொஞ்சப் பேருக்குத்தான் வரும், கம்பெனிக்காரங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல, அதனால யாரும் புதுசா தேடல, என்று இதே ரெஹானா ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருநாள் சொல்லியிருக்கிறாள். கொஞ்சப் பேருக்கு. அந்தக் கொஞ்சத்தில் ஒருத்தி. சாமான் செலவாகாது என்று சரக்கு வாங்கிப்போடாத பெட்டிக்கடைக்காரன் புத்தி, உலகம் முழுக்க. அதைக் கொல்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கக்கூஸ் கழுவுகிறதே போதும், பிள்ளைக்குள்ளே வைத்துக்கொண்டு பிள்ளையைக் கொல்லாமல் அதை மட்டும் கொல்லத்தான் எவனுக்கும் துப்பில்லை. இப்போது போய் நான் வளைவு என்று சொல்லி, குப்பிக்குள் ப்ளீச் ஊற்றி, பழி வாங்கிவிட்டேன் என்று வீட்டுக்குப் போய் உளுந்து அரைப்பதா? அது சாகும். சம்யுவைப் பற்றித் தெரிந்த ஒரே ஜென்மம் அது, உள்ளேயே இருந்து பார்த்தது, எதற்கு அடங்கியது எதற்கு அடங்கவில்லை என்பதெல்லாம் அதற்கு மட்டும்தான் தெரியும், சாட்சியைக் கொன்றுவிட்டுக் கேஸ் நடத்துகிற வக்கீல் புத்தி என்னுடையது. தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் அவளுக்கு ஒரு குறைவும் இல்லை, மற்றவர்களுக்குக் கொடுத்தது போக அவளுக்கும் மீதம் வைத்திருந்தாள்.

வேட்டு வெடித்தது. செண்டைமேளம், கேரளத்திலிருந்து, செத்த வீட்டு நினைவுக்குச் செண்டைமேளம். வண்ணார்பேட்டையைத் தாண்டிய விருந்தினர் வந்தேவிட்டார், நகைக்கடை முதலாளி, விரலுக்கு விரல் கடையின் விளம்பரம். எல்லோரும் எழுந்தார்கள், நாடாக்கள் நாற்காலியிலிருந்து அவிழ்ந்து காலில் சுற்றின. இரண்டு நிமிஷ மௌனம் என்றார் செயலாளர், அது பாதிகூடப் போகவில்லை, யாருடைய போனிலோ பக்திப் பாட்டு அலறியது, நன்றி அமரலாம் என்று முடித்துவிட்டார், சம்யுவுக்கு அது பிடித்திருக்கும், மௌனமாக அரை நிமிஷம் இருந்து அவளுக்கே பழக்கமில்லை. விருந்தினர் படத்துக்கு மாலை போட்டார். பெற்றவர்கள் போடக் கூடாது, இளையதுக்கு மூத்தது மாலை போடுவது முறையில்லை என்று ஏற்கனவே எச்சரித்திருந்தார்கள். நல்லவேளை, முறை என்று ஒன்று இருக்கிறது. பிறகு சால்வை, சால்வைக்குமேல் சால்வை, அருள்தாசன் மாஸ்டருக்குப் போட்டது நழுவி விழுந்ததும் அதையே எடுத்து அடுத்தவருக்குப் போட்டார்கள். விருந்தினர் பேசினார். சம்யுக்தா ஓட்டப்பந்தயத்தில் காற்றைத் தோற்கடித்தவள் என்றார். ஓட்டப்பந்தயம். மேலே மின்னிய விளக்கு ஒன்று அணைந்தது என்றார், சங்கரலிங்கம் விசும்பினார், மின்வாரியம். தெர்மாகோல் காசோலையை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள், காற்றில் அது படகுப்பாய் மாதிரி இழுத்தது. பால்பாண்டியன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, கண்ணாலேயே கேட்டார். "வளைவுதானக்கா?"

மீனலோசனி எழுந்து போய் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். வாங்கினாள் என்று சொல்வது மரியாதைக்கு. ஃபோட்டோக்காரர்கள் இங்கே பாருங்கம்மா என்றார்கள், பார்க்கவில்லை. கான்வென்ட் கையெழுத்தில், சாய்த்து, ஒரு எழுத்துக்கூடக் கோணாமல், குழந்தைகள் எலும்புப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று எழுதினாள். கடைசி எழுத்துக்கு இடம் இருந்தது. பால்பாண்டியனின் முகம் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி ஆனது, ஆனாலும் கைதட்டினார், பழக்கம். செயலாளர் மைக்கை நீட்டினார், பெற்ற தாயின் ஏக்கத்தை அவர் வாயாலேயே கேட்போம் என்று. ஏக்கமாம். அவள் மைக்கை ஊதிப் பார்க்கவில்லை. "படத்துல என் பிள்ளைக்குக் கால் இல்ல," என்றாள். "அவளுக்குக் கால் இருந்துச்சு. கால்லதான் வந்துச்சு. இந்தப் பணம், அவளைத் தின்னதுக்குச் சாப்பாடு போட. புரியாதவங்க இந்த டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, ஆனா அவ முதல்ல சாப்பிடட்டும், ராத்திரியெல்லாம் ரயில்ல வந்திருக்கா. போட்டிய ஆரம்பிங்க. பிள்ளைங்க வெயில்ல நிக்கிதுங்க." மைக்கைச் செயலாளரின் கையில் வைத்தாள். யாருக்கும் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மைனி மட்டும் ஓலைப்பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் உரக்கச் சொன்னாள்: "சின்னதுலேர்ந்தே கான்வென்டு. அதான்."

டிரிபிள் ஜம்ப் மைதானத்தின் அந்தப் பக்கத்தில் தொடங்கியிருந்தது. மேடைக்குப் பின்னால், வாடகைப் பாத்திரக்காரரின் அண்டாக்களுக்கு நடுவில், மீனலோசனி ரெஹானாவின் கையில் இட்லிப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். மேளம் நின்றதில் ஓடிவரும் காலடி கேட்டது, பிறகு பலகையில் ஒரு அடி, அடுத்தது, நீளமாக இன்னொன்று, பிறகு ஒன்றும் கேட்காத ஒரு நேரம், பிறகு மணல். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஃபௌல், எவளோ பலகையைத் தாண்டி மிதித்துவிட்டாள், சத்தத்திலேயே தெரிகிறது. "ஆன்ட்டி, ரொம்ப..." என்று ரெஹானா வாயில் இட்லியோடு ஆரம்பித்தாள், கண்ணில் நீர் கோத்திருந்தது. "நன்றி சொன்னேன்னா பொட்டலத்தப் பிடுங்கிருவேன். நாளைக்கு யாரு போடுறது?" "நான்தான் ஆன்ட்டி. இன்னைக்கு ராத்திரி ரயில்." "நேரத்துக்குப் போடு. மஞ்சளாகுற வரைக்கும் விடாத." "சரி ஆன்ட்டி." "நல்லாப் போடு. கொழுக்கட்டும். அது பட்டினியா கிடந்து சாகக் கூடாது, தெரியுதா? அப்படிச் செத்தா உனக்கும் எனக்கும் ஒண்ணும் தெரியாமப் போயிரும்." ரெஹானா தலையாட்டினாள். "எம்பிள்ளைக்கு எது பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். பாவக்கா. கண்டாலே எந்திரிச்சு ஓடிருவா. பக்கத்துல இருக்கிறதெல்லாம் அப்படியே இருக்கும், அவ மட்டும் ஓடிருவா. இதுக்கும் அப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும்." புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள், வீட்டுக்குப் போக வேண்டும், உளுந்து ஊறியிருக்கும், மைனி இலையில் பச்சடியை வைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். "சர்க்கரைய நான் தந்தாச்சு. இனி அந்தப் பாவக்காயத் தேடிக் கண்டுபிடி."